நைனாவின் முள்வாங்கி

அரக்கோணம்
9.6.2025

அக்காவுக்கு,

போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். எடுத்தாலும் காதில் வைத்துக்கொண்டு மூச்சு விடுவாயே தவிர வாயைத் திறக்கமாட்டாய். போன தீபாவளிக்கு அப்படித்தான் இரண்டு நிமிடம் உன் மூச்சைக் கேட்டுவிட்டு வைத்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நேற்று ரயில்வே ஆபீசில் என்னோடு வேலை செய்பவர் ஒருவர் தன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "சார், இது உங்க பொண்ணுதானே?" என்று கேட்டார். போன வருடம் ஆடிக் கிருத்திகையில் யாரோ எடுத்த போட்டோ. கே.ஜி.கண்டிகை வளைவு. அந்தப் புளியமரத்தடியில் முக்காலி போட்டு நீ உட்கார்ந்திருக்கிறாய். பக்கத்து முக்காலியில் தீபா. எவனோ ஒருவன் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கிறான். அவனுடைய மற்றொரு கால் என் மகளின் முழங்கால்மேல் இருக்கிறது.

அன்றைக்கு ஃபிரண்ட்ஸோடு மகாபலிபுரம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் அவள். வீட்டுக்கு வந்து கேட்டேன். மறைக்கவில்லை. "ஆங், போனேன்பா. இந்த வருஷமும் போவேன்" என்கிறாள். இருபத்து நான்கு வயதுப் பெண்ணை நான் அடிக்கவா முடியும்?

நைனாவோடு அது முடிந்தது என்று அவருடைய காரியத்தன்றே நான் எல்லார் முன்னாலும் சொன்னேன். நீ விடவில்லை. சரி, அது உன் இஷ்டம். என் பெண்ணை அதில் இழுக்காதே. நானும் வசந்தியும் அவளைப் படிக்கவைத்தது கண்டவன் காலைப் பிடிப்பதற்கு இல்லை.

இதற்குப் பதில் தேவையில்லை. தீபாவை இந்த வருடம் வரவேண்டாம் என்று நீயே சொல்லிவிடு. அது போதும்.

ராஜகோபால்


பொதட்டூர்பேட்டை
14.6.2025

தம்பி ராஜகோபாலுக்கு உன் அக்கா சந்திரா எழுதுவது.

பதில் தேவையில்லை என்று எழுதிவிட்டு, கவரின் பின்னால் உன் விலாசத்தைப் பின்கோடு வரைக்கும் எழுதியிருக்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

திருத்தணி மலைமேல் முருகன் சந்நிதியில் கற்பூரத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, "இவனோட இனிமே வாய் தொறந்து பேசமாட்டேன்" என்று சத்தியம் செய்தவள் நான். ஏறக்குறைய நான்கு வருடமாகக் காப்பாற்றிக்கொண்டு வருகிறேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அன்றைக்கு இருந்த கோபத்தில் அது தோன்றவில்லை, தோன்றியிருந்தால் அதையும் சேர்த்துத்தான் அணைத்திருப்பேன்.

இங்கிருந்து உன் வீட்டுக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். உன் கடிதம் வந்து சேர நான்கு நாள் ஆகியிருக்கிறது. ஆபீஸ்காரர் கடிதமாயிற்றே, நிதானமாகத்தான் வரும்.

தீபாவை நான் கூப்பிடவில்லை. போன வருடம் அவளாகத்தான் வந்தாள். ஆஸ்பத்திரியில் டியூட்டி மாற்றிக்கொண்டு, ஒரு பையில் பஞ்சு, மருந்து, கையுறை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து, "அத்தே, கொஞ்சம் நவுந்து உக்காரு" என்றாள். கையுறையைப் போட்டுக்கொண்டு காலைத் தொடுவது எனக்குப் பிடிக்கவில்லை. "இது இன்னாடி, அவுங்க இன்னா தொத்து நோயா?" என்று கேட்டேன். "நோய் எங் கையில இருந்தா அவுங்களுக்குப் போவக்கூடாது இல்ல?" என்றாள். நகர்ந்து உட்கார்ந்தேன். நர்ஸ் படிப்பு வீண் போகவில்லை தம்பி, நீ கவலைப்படாதே.

கண்டவன் கால் என்று எழுதுகிறாய். காவடி எடுத்தவன் மலையைச் சேரும்வரை அதைக் கீழே இறக்கக்கூடாது என்பது உனக்குத் தெரியாதா? உட்காரவும் மாட்டான். வெறுங்காலில் முள்ளோ கண்ணாடித் துண்டோ குத்தினால் அவன் குனிந்து எடுக்க முடியுமா? நின்றபடியே காலை நீட்டுகிறான். கீழே உட்கார்ந்து எடுப்பதற்கு ஒருவர் வேண்டும். நைனா உட்கார்ந்தார். இப்போது நான் உட்காருகிறேன்.

ஆனால் இனி என்னால் முடியாது. அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். வலது கண்ணில் புரை விழுந்துவிட்டது. ஆபரேஷன் செய்யவேண்டும் என்கிறார் டாக்டர். போன வருடம் ஒரு புள்ளைக்கு முள் இல்லாத இடத்தில் குத்தி ரத்தம் வரவைத்துவிட்டேன். பாவம், "பரவால்ல ஆயா" என்று போய்விட்டான். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. என் மகன் சுதாகருக்குக் கம்பெனியில் அன்றைக்கு லீவு கிடைக்காது. கிடைத்தாலும் ரத்தத்தைப் பார்த்தால் அவன் மயங்கி விழுவான்.

அதனால் முள்வாங்கியை தீபாவிடம் கொடுக்கப் போகிறேன். அவள் கேட்டாள். உனக்குத் தெரியாமல் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. நைனாவின் பொருள் உன் வழியாகத்தான் உன் பெண்ணுக்குப் போகவேண்டும். நீ சரி என்று ஒரு வரி எழுது.

அக்கா


அரக்கோணம்
23.6.2025

அக்காவுக்கு,

சரி என்று எழுத முடியாது.

தீபாவுக்கு ஒரு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் வாலாஜா. நல்ல குடும்பம். அந்த போட்டோ அவர்கள் கண்ணில் பட்டால் என்ன நினைப்பார்கள்? இதை நீ யோசித்தாயா?

இப்போது ரோடு எல்லாம் தார் போட்டு அகலப்படுத்திவிட்டார்கள். வழி நெடுக அன்னதானப் பந்தல், ஆம்புலன்ஸ், முதலுதவி எல்லாம் இருக்கிறது. நைனா காலத்துத் தேவை இன்று இல்லை. முள்வாங்கி இனி யாருக்கும் வேண்டாம். உன்னிடமே வைத்துக்கொள். இல்லையென்றால் மலைமேல் உண்டியலில் போட்டுவிடு.

உனக்குக் கண் தெரியவில்லை என்றால் ஆபரேஷன் செய்துகொள். தள்ளிப்போடாதே. அரக்கோணத்தில் நல்ல கண் டாக்டர் இருக்கிறார். நம்பரை இத்துடன் எழுதியிருக்கிறேன். வேண்டுமானால் வசந்தி உன்னோடு வருவாள். அவளோடு பேசமாட்டேன் என்று நீ சத்தியம் செய்யவில்லையே.

ஒன்று கேட்கிறேன். நீ இன்னும் அந்த வளைவில்தான் உட்காருகிறாயா? நூறு அடி தள்ளி, பஸ் ஸ்டாப் பக்கம் நல்ல நிழல் இருக்கிறதே. ஏன் அந்த வளைவு?

ராஜகோபால்


பொதட்டூர்பேட்டை
30.6.2025

ராஜகோபாலுக்கு,

உண்டியலில் போடு என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

நைனாவின் காரியத்தன்று நீ செய்ததை நான் மறக்க நினைத்தாலும் நீ விடமாட்டாய் போலிருக்கிறது. பதினாறாம் நாள், பங்காளிகள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவர் ஒருவர் அந்த முள்வாங்கியை எடுத்து, "கஜபதிக்கு அப்புறம் அவம்புள்ள ஒக்காரட்டும்" என்று உன் கையில் வைத்தார். நெருப்பைத் தொட்டவனைப் போல உதறினாய். "கண்டவன் கால புடிக்கற பொழப்பு இதோட போச்சு" என்று சொல்லி, போய்க் கிணற்றில் போட்டாய். நாற்பது வருடத்துக்கு மேல் அவர் கையில் இருந்த பொருள். அவர் படத்துக்குப் போட்ட மாலைகூட வாடவில்லை.

கிணற்றில் ஆள் இறக்கி, சேறு வாரி, மூன்றாம் நாள் எடுத்தேன். எடுத்த கையோடு மலைக்குப் போய்த்தான் கற்பூரம் அணைத்தேன். வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன். உனக்கு அது தெரியாது.

ஏன் அந்த வளைவு என்று கேட்டாய். உனக்கு நைனா சொல்லவே இல்லையா? எனக்கும் சொல்லாமல்தான் இருந்தார். கொரோனா வருடத்தில் மலைக்கு யாரும் வரக்கூடாது என்று தடை போட்டிருந்தார்களே, அப்போதும் ஆடிக் கிருத்திகையன்று போய் அந்த வளைவில் உட்கார்ந்திருந்தார். ரோட்டில் ஈ காக்கை இல்லை. "யாருக்காக இங்க ஒக்காந்துகினு இருக்கற நைனா?" என்று கேட்டேன். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

எழுபத்தேழில், பரணிக்கு முந்தின நாள், கண்டிகை நிலத்துக்கு வேலி போட வேலிகாத்தான் முள்ளை வெட்டி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். அந்த வளைவில் வண்டி சாய்ந்து, முள் ரோட்டில் விழுந்துவிட்டதாம். மறுநாள் காலையில் காவடி எடுத்து வந்த நம்ம ஊர் ஆதிகேசவன் மிதித்துவிட்டாராம். "கயிற நாந்தான் சரியா கட்டல. எம்மேல தப்பு" என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

தான் செய்த ஒரு தப்புக்காக ஒரு மனிதர் ஆயுசு முழுக்க அங்கே உட்கார்ந்தார். நீ பிள்ளையாகப் பிறந்து ஒரே ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. ஒவ்வொரு வருடமும் அவர் அரக்கோணம் பக்கமிருந்து வரும் பஸ்ஸைப் பார்ப்பார். உன்னைக் கூப்பிடட்டுமா என்றால், "வேணாம். அவனா வந்தா வரட்டும்" என்பார். உன்மேல் அவ்வளவு கோபம் அவருக்கு என்று நினைத்துக்கொள்வேன். நியாயமான கோபம்தான்.

வாலாஜா மாப்பிள்ளை வீட்டாருக்கு நானே போட்டோ அனுப்புகிறேன், கவலைப்படாதே. அதைப் பார்த்து வேண்டாம் என்று சொல்கிறவன் வீட்டில் அந்தப் பெண் எதற்கு?

சந்திரா


அரக்கோணம்
20.7.2025

அக்கா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளுக்குமேல் ஆகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

நைனா கயிற்றைச் சரியாகத்தான் கட்டினார்.

எழுபத்தேழில் அப்போது நீ ஊரில் இல்லை. சின்னம்மாவின் பிரசவத்துக்காக அம்மையார்குப்பம் போயிருந்தாய். எனக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. வேலிகாத்தான் முள்ளை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் ஒன்றிரண்டு கிளை உருவிக்கொண்டு விழத்தான் செய்யும். அதற்குத்தான் ஆள் பின்னால் நடந்து வருவது. வண்டி ஏறும்போது நைனா சொன்னார்: "ராஜா, நீ பின்னாடியே நடந்து வா. வுழறத எடுத்து ஓரமா போடு. நாளைக்கு காவடி வர்ற வழிடா."

வண்டியில் முள் மலை மாதிரி குவிந்திருந்தது. முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குப் பின்னால் வருகிறவன் தெரியமாட்டான். கண்டிகை வருவதற்குள் என் வகுப்புப் பிள்ளைகள் ஒரு லாரியில் போனார்கள். திருத்தணியில் ராட்டினம் போட்டிருக்கிறார்கள், வாடா என்றார்கள். ஏறிவிட்டேன் அக்கா. அவ்வளவுதான் விஷயம். ராட்டினம் பார்க்கப் போனேன்.

பொழுது சாயத் திரும்பி வந்தேன். வளைவில் மூன்று நான்கு கிளை கிடந்தது. பெரிதாக இருந்த ஒன்றைக் காலால் தள்ளினேன். பசி. மற்றதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். வேலி வேலைக்காக அன்றிரவு நாங்கள் தங்கிய கண்டிகை நிலத்துக் கொட்டகையில் நைனா கேட்டார், "வழில எதுனா வுழுந்துச்சா?" "வுழுந்துச்சு நைனா, எல்லாத்தையும் எடுத்துப் போட்டுட்டேன்" என்றேன். "கெட்டிக்காரன்" என்று தலையைத் தடவினார்.

காலையில் சத்தம் கேட்டு அவர் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். ஆதிகேசவன் மாமா காவடியோடு நிற்கிறார். இறக்கமாட்டேன் என்கிறார். நைனா தரையில் உட்கார்ந்து அவர் காலைத் தன் முழங்காலில் வைத்து, நகத்தால் பிடித்து இழுத்தார். முள் பாதியில் முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. கையில் வேறு ஒன்றும் இல்லை. ஆதிகேசவன் மாமா அப்படியே நடந்து போனார், மலைமேல் ஏறிக் காவடியைச் செலுத்தினார். அன்றைக்கு மலையடிவாரக் கடையில்தான் நைனா அந்த முள்வாங்கியை வாங்கினார். அதற்குள் உபயோகம் இல்லாமல் போய்விட்டது.

அந்தக் கால் சீழ் பிடித்து, பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். கைத்தறிக்காரனுக்குக் கால்தானே பாதித் தறி. மிதியை அழுத்த முடியாமல் போய், அவர் கடைசிவரை ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். பொம்பளை வேலை செய்கிறான் என்று ஊரில் சிரித்தார்கள். அவர் நொண்டிக்கொண்டு தெருவில் வரும்போதெல்லாம் நான் வீட்டுக்குள் போய்விடுவேன். அவர் கூப்பிட்டு வேர்க்கடலை கொடுப்பார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

நைனாவுக்குத் தெரியும். அன்றைக்கே தெரிந்துவிட்டது. அடிப்பார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, "இத யாருக்கும் சொல்லாத. அக்காவுக்குக்கூட" என்று மட்டும் சொன்னார். மறு வருடம் முள்வாங்கியை எடுத்துக்கொண்டு அந்த வளைவில் போய் உட்கார்ந்தார். நானும் போய் நின்றேன். "நானும் எடுக்கறேன் நைனா" என்றேன். "நீ போயி படிடா" என்றார். அதோடு சரி. நான் தொடக்கூடாது என்று நினைக்கிறார் என்று புரிந்துகொண்டேன். இரண்டு அடி போட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் தீர்ந்திருக்கும்.

ஒவ்வொரு ஆடியும் அவர் யாருடைய காலையோ பிடிப்பார். எனக்காகப் பிடிக்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும். அதைக் கண்ணால் பார்க்கும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை. காரியத்தன்று அந்தப் பெரியவர் முள்வாங்கியை என் கையில் வைத்தபோது, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது போல இருந்தது. அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கண்டவன் கால் என்று சொன்னது என் வாய்தான். என் மனதில் இருந்தது ஒரே ஒரு கால்.

நான்கு வருடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லாதே என்று சொன்னதை மீறி இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். வசந்திக்குக்கூடத் தெரியாது.

தீபாவுக்கு மட்டும் சொல்லாதே. என்னை அவள் பெரிய மனிதன் என்று நினைக்கிறாள்.

ராஜா


பொதட்டூர்பேட்டை
26.7.2025

என் தம்பிக்கு,

மத்தியானம் தபால்காரர் கொடுத்தார். மிஷின் தறி சத்தத்தில் படிக்க முடியாமல் மோட்டாரை அணைத்துவிட்டுப் படித்தேன். அதற்குமேல் இன்றைக்குத் தறி ஓடவில்லை.

எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. ஒற்றைக் கண்ணால் படிப்பது கஷ்டம், அதில் அழுதுகொண்டு வேறு படித்தேன்.

நைனா என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார். கயிறு கட்டத் தெரியாத ஆளா அவர்? தறியில் பாவு இழை ஆயிரத்தில் ஒன்று தளர்ந்தாலும் விரலால் கண்டுபிடிக்கிற மனிதர். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாரே என்று எழுதினேனே, அது வெட்கம் என்று நினைத்தேன். உன் பெயர் வாய்தவறி வந்துவிடக்கூடாது என்று பயந்திருக்கிறார்.

இப்போது நான் சொல்வதை நன்றாகக் கேள். "நீ போயி படிடா" என்று சொன்னது உன்னைத் தள்ளி வைப்பதற்கு இல்லை. பதினொரு வயதுப் பிள்ளை அந்த இடத்தில் உட்கார்ந்து, வருடா வருடம் ரத்தம் வரும் காலைப் பார்த்து, என்னால், என்னால் என்று வெந்துபோகக் கூடாது என்றுதான். நீ பார்க்கவே கூடாது என்று நினைத்தார். பாவம், நீ பார்க்காமலேயே வெந்துபோய்விட்டாய். அந்த மனிதருக்கு வாயால் இரண்டு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. நமக்கும் அவருடைய வாய்தானே வந்திருக்கிறது. ஒருவன் சொல்லாமல் இருந்தான், ஒருத்தி பேசமாட்டேன் என்று கற்பூரம் அணைத்தாள்.

"அவனா வந்தா வரட்டும்" என்றாரே, அது கோபம் இல்லை ராஜா. பஸ்ஸைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொல்வார்.

ராட்டினம் பார்க்கப் போன பிள்ளையை நான் என்ன சொல்ல? நானாக இருந்தாலும் லாரியில் ஏறியிருப்பேன். பொய் சொன்னது தப்பு. அதற்கு நாற்பத்தெட்டு வருடம் தண்டனை அதிகம்.

எனக்கு உன்னோடு பேசவேண்டும் போல இருக்கிறது. ஆனால் சத்தியம் சத்தியம்தான். சாயந்திரமே பஸ் ஏறி மலைக்குப் போய்க் குருக்களிடம் கேட்டேன். பால்குடம் எடுத்து மலைமேல் சேர்த்துவிட்டு, முருகனிடம் மன்னிப்புக் கேட்டுப் பேசு என்றார். இந்தக் கிருத்திகைக்கு எடுக்கப் போகிறேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து நடக்க என் முட்டி ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸில் வந்து கண்டிகைக்கு இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்கி நடப்பேன். என் முட்டியைப் பற்றி முருகனுக்குத் தெரியும்.

அப்படியானால் வளைவில் யார் உட்காருவது? நீ உட்காரு. முள்வாங்கியை தீபாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதும் சொல்லாததும் உன் பாடு.

அக்கா


அரக்கோணம்
4.8.2025

அக்காவுக்கு,

முள்வாங்கி தீபாவிடம் இருப்பதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கொதிநீரில் போட்டு எடுத்து, புதிது மாதிரி வைத்திருக்கிறாள். இந்த வருடம் அவள் உட்காரட்டும். தடுக்கமாட்டேன். வாலாஜாக்காரர்களுக்கும் அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லையாம், மாப்பிள்ளையின் அம்மா வருடா வருடம் காவடி எடுக்கிறவராம்.

என்னால் வரமுடியாது. கோபித்துக்கொள்ளாதே. அந்த வளைவில் பஸ் திரும்பினாலே நான் கண்ணை மூடிக்கொள்கிறவன்.

பால்குடத்தோடு நடக்கும்போது ஓரமாக நட. லாரிகள் வேகமாக வரும்.

ராஜா


பொதட்டூர்பேட்டை
23.8.2025

தம்பி ராஜாவுக்கு,

இனி நமக்குள் கடிதம் எதற்கு? காலையில்கூடப் போனில் அரை மணி நேரம் பேசினோம். நான்கு வருடப் பாக்கியை ஒரே வாரத்தில் பேசித் தீர்த்துவிட்டேன் என்று வசந்தி சிரிக்கிறாள்.

ஆனாலும் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். அன்றைக்கு நடந்ததை நீ பார்த்தாய், ஆனால் என் பக்கத்திலிருந்து நீ பார்க்கவில்லை.

தலையில் பால்குடத்தோடு நடந்து வந்தேன். கண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால் இடது குதிகாலில் சுருக்கென்று குத்தியது. நீ நினைப்பது போல நான் வேண்டுமென்று மிதிக்கவில்லை, சத்தியமாக. சத்தியம் செய்தே இவள் கெட்டாள் என்கிறாயா? சரி, விடு. நொண்டிக்கொண்டே வளைவுக்கு வந்தேன். தீபா இருப்பாள் என்றுதான் வந்தேன். முக்காலியில் தலை குனிந்து ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். பின்னந்தலையில் நைனாவுக்கு இருந்த அதே சுழி. ஒரு நிமிடம் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தீபா பக்கத்தில் மருந்துப் புட்டியோடு நின்றுகொண்டு, என்னைப் பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்தாள்.

வரமுடியாது என்று எழுதியிருந்த நீ, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அடுத்த கால வைங்க" என்றாய். வைத்தேன். மஞ்சள் தண்ணீரால் கழுவினாய். நைனா மாதிரியே கட்டைவிரலால் பாதத்தை அழுத்தித் தேடினாய். அதை யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது? ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளைக்கு இத்தனை வருடம் கழித்தும் மறக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் தேடியது தப்பான இடத்தில். முள் குதிகாலில் இருக்கிறது, நீ முன்பாதத்தில் இருக்கும் பழைய கறுப்புத் தழும்பை முள் என்று நினைத்து நோண்டுகிறாய். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மலை இன்னும் வரவில்லை, சத்தியம் இன்னும் தீரவில்லை, தலையில் பால். நீ இன்னும் கொஞ்சம் ஆழமாகக் குத்தினாய்.

"அங்க இல்லடா! குதிகால்ல! கண்ணாடிய எங்க வச்சித் தொலைச்ச?"

நாலு வருடம் காத்த சத்தியம் அப்படிப் போனது. முருகன் பேர் இல்லை, நல்ல வார்த்தை ஒன்று இல்லை, திட்டுதான்.

நீ நிமிர்ந்து பார்த்தாய். உன் முகத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். "பேசிட்ட" என்றாய். "ஆங், பேசிட்டேன். முள்ள எடு மொதல்ல" என்றேன். நீ எடுக்கவில்லை. என் காலைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாய். ஒற்றைக்காலில் நான் நிற்கிறேன், பால் ததும்பி என் மேலும் உன் தலைமேலும் வழிகிறது, பின்னால் மூன்று காவடி காத்திருக்கிறது. அதில் ஒருவர் சொன்னாரே, "பெரியவரே, அந்தம்மா கால வுட்டுட்டு எங்க காலையும் கொஞ்சம் பாருங்க" என்று. அன்றைக்கு அதற்குமேல் நீ இருபத்தாறு கால் பார்த்தாய் என்று தீபா எண்ணி வைத்திருக்கிறாள். என் முள்ளை மட்டும் கடைசியில் அவள்தான் எடுத்தாள்.

மலைமேல் போய்க் குருக்களிடம், பாதி வழியிலேயே பேசிவிட்டேன் சாமி என்றேன். "இன்னா பேசின?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "பால எறக்கும்மா" என்றார். என் மனசு கேட்காமல் பூமுடியாக மூன்று கொத்துத் தலைமுடி கத்தரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். நேற்று தீபா வந்திருந்தாள். முள்வாங்கியை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறாள். "அத்தே, நீயும் அப்பாவும் எழுதின லெட்டர் எல்லாம் குடு, இதுலயே வைக்கறேன். எனக்குப் பொறவு ஒக்கார்றவங்களுக்கு இது எதுக்குன்னு தெரியணும் இல்ல?" என்றாள். உன் கடிதம் எல்லாம் என்னிடம் இருக்கிறது. என் கடிதங்களை நீ வைத்திருக்கிறாயாம், அவளே சொன்னாள்.

மற்றதை எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். ஜூலை இருபதாம் தேதி நீ எழுதியது மட்டும் என் தலையணை உறைக்குள் இருக்கிறது. அவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நைனா அதை ஆயுசு முழுக்க மறைத்தார். தீபாவுக்குச் சொல்லாதே என்று நீயும் எழுதியிருக்கிறாய். அது இல்லாமல் டப்பாவைக் கொடுத்தால், அவளும் அவள் பிள்ளைகளும் நைனா கயிறு கட்டத் தெரியாதவர் என்றுதான் நினைப்பார்கள். கொடுத்தால் உன்னைப் பற்றி அவள் என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியாது.

இதைப் போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுதி அனுப்பு. கிழிப்பதென்றால் அதற்கு நான் எழுதிய பதிலையும் இந்தக் கடிதத்தையும் நீ கிழித்துவிடவேண்டும். வைக்கட்டுமா, கிழித்துவிடட்டுமா?

அக்கா


அரக்கோணம்
27.8.2025

அக்கா,

நைனா கயிற்றைச் சரியாகத்தான் கட்டினார். அது தீபாவுக்குத் தெரியவேண்டும்.

வை. எல்லாவற்றுக்கும் மேலே வை.

கண்ணாடி மாற்றச் சொல்லிவிட்டேன். உனக்கும் அதே டாக்டரிடம் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். காலை பஸ்ஸில் வந்துவிடு, நான் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

ராஜா